ஏரி காத்த கணக்கு

உரைநடை உலகம்

நுழையும்முன்

பாலம், சாலை, அணை, ஏரி முதலியன ஒரு நாட்டின் உட்கட்டமைப்புகள். அவற்றைக் கட்டும் முறையைப் பொறியியல் கற்பிக்கிறது. உரிய காலத்தில், உரிய செலவில், உரியவர் பொறுப்பில் அவற்றைக் கட்டி முடிப்பதும் முடித்தபின் காப்பதும் எவ்வாறு என்பதை ஆராய்வது கட்டுமான மேலாண்மை. இன்று உயர்கல்வி நிறுவனங்களில் தனித்துறையாக வளர்ந்திருக்கும் அவ்வாய்வின் கேள்விகள் சிலவற்றை, பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்பே காஞ்சிபுரத்தை அடுத்த ஓர் ஊர் தன் ஏரியை முன்னிட்டு எதிர்கொண்டது. அவ்வூர் கண்ட விடைகளுள் எவை இன்றும் நிற்கின்றன, எவை நிற்கமாட்டா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஓரிக்கை வழியே

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் நகரின் விளிம்பில் அமைந்திருக்கிறது ஓரிக்கை. அதன் பெயருக்கு ஒரு கதை உண்டு. திருமழிசையாழ்வாரின் மாணவர் கணிகண்ணரை மன்னன் நாடுகடத்த, ஆசிரியரும் உடன் புறப்பட்டார். அவர் சொற்கேட்டுத் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடமே 'ஓரிரவிருக்கை' எனப் பெயர்பெற்று 'ஓரிக்கை' என மருவிற்று என்பர். கதை எவ்வாறாயினும், வழிப்போக்கர் தங்கிச் செல்லும் ஊராக இது நெடுங்காலம் இருந்திருக்கும் என்பதை அதன் இருப்பிடமே சொல்லும். ஊரைத் தாண்டினால் பாலாறு.

பாலாற்றுப் பாலத்தின்மீது நின்று கீழே பார்ப்பவர் ஆண்டின் பெரும்பகுதியில் காண்பது மணலைத்தான். வெள்ளம் வரும் நாள்கள் சில. வந்த நீர் கடலைநோக்கி விரைந்துவிடும். எஞ்சியது மணலுக்கடியில் மறைந்துவிடும். இத்தகைய ஆற்றை மட்டும் நம்பி நெல் விளைவிக்க முடியாது. சில நாள் வெள்ளத்தைப் பிடித்துப் பல மாதங்களுக்குப் பங்கிட வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளின் வரைபடத்தை விரித்தால் நீலத் திட்டுகள் நெருக்கமாகத் தெரிவதன் காரணம் இதுவே. அவற்றுள் பெரும்பாலானவை இயற்கையாகத் தோன்றிய நீர்நிலைகள் அல்ல; மனிதர் மண்வெட்டியாலும் கூடையாலும் கட்டிய ஏரிகள்.

பாலாற்றைக் கடந்து மேலும் தெற்கே சென்றால் உத்திரமேரூர் வரும். அங்குள்ள பேரேரி பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது. அவனுடைய விருதுப்பெயரால் 'வயிரமேக தடாகம்' என்று கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன. செய்யாற்றிலிருந்து கால்வாய் வழியே அதற்கு நீர் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் மன்னன் பெயரில் வெட்டப்பட்ட ஓர் ஏரி இன்றும் வயலுக்கு நீர் தருகிறது என்றால், அதை வெட்டியவரைப் போற்றுவதோடு நில்லாமல், இடைப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அதை யார் காத்தார் என்றும் கேட்கவேண்டும்.

ஏரி என்னும் பொறி

ஏரியைத் தேங்கிய நீர் என்று மட்டும் எண்ணுவது பிழை. அது பல உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் பொறி. மேட்டுநிலத்தில் விழும் மழையையோ ஆற்றின் வெள்ளத்தையோ கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால்வாய். நீரைத் தாங்கி நிற்பது கரை. வேண்டும் அளவு நீரை வயலுக்கு விடுவது மதகு, அல்லது தூம்பு. மிகுந்த நீரைக் கரைக்குத் தீங்கு நேராமல் வெளியேற்றுவது கலிங்கு. நீர் பெறும் வயற்பரப்பு ஆயக்கட்டு. ஓர் ஏரியின் கலிங்கு வழியே வெளியேறும் நீர் அடுத்த ஏரியின் வரத்தாக அமைவதால், ஏரிகள் சங்கிலித்தொடராகப் பிணைக்கப்பட்டுள்ளன. மேலே உள்ள ஏரியின் கரை உடைந்தால் கீழே உள்ளவையும் ஆபத்துக்குள்ளாகும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிகள் பல உடைந்தபோது இவ்வுண்மையைப் பல ஊர்கள் ஒரே வாரத்தில் கண்கூடாகக் கண்டன.

இந்தப் பொறியின் தீராத பகை வண்டல். நீரோடு வரும் மண் ஆண்டுதோறும் அடியிற் படிகிறது. படிவு ஓராண்டில் கண்ணுக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகள் கவனியாதுவிட்டால் ஏரி மேடாகிவிடும். முன்னோர் இதை எதிர்கொண்ட முறைகளுள் ஒன்று குமிழித் தூம்பு. ஏரியின் உட்புறத்தில் அமைக்கப்படும் இத்தூம்பில் மேலே நீரோடித் துளையும் கீழே சேறோடித் துளையும் இருக்கும். நீரோடு சேற்றின் ஒரு பகுதியும் வெளியேறி வயலுக்கு உரமாகும். ஆயினும் தூம்பு மட்டும் போதாது; தூர் வாரியே ஆகவேண்டும். தூர் வார ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். கூலிக்கு ஆண்டுதோறும் தவறாத வருவாய் வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இவ்விடத்தில் வியப்பூட்டும் செய்தியைத் தருகின்றன. ஏரிக்கென்று கொடையாக வந்த பொன்னையும் நெல்லையும் ஊர்ச்சபை முதலாக வைத்துக்கொண்டு, அதன் வட்டியால் ஆண்டுதோறும் தூர் எடுக்க ஒப்புக்கொண்டது. முதலைத் தொடாமல் வட்டியைச் செலவிடுதல் என்பது பராமரிப்பு நிதிக்கு இன்றும் சொல்லப்படும் இலக்கணம். தூர்மண்ணைக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் ஓடங்களைப் பற்றியும், ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட 'ஏரிப்பட்டி' நிலங்களைப் பற்றியும் தமிழகத்தின் பிற ஊர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன.

நிதி இருந்தால் மட்டும் ஏரி காக்கப்படுமா? நிதி இருக்கும் இடத்தில்தான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. அந்த நிதியை யார் கையாள்வது, கையாண்டவரை யார் கேட்பது?

அறுவர் கையில் ஏரி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. (பொ.ஆ.) 919இல் எழுதப்பட்டது, மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டில், 921இல் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றைப் படித்து வெளியிட்டார். வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக இவற்றை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் முன்பே அறிந்திருப்பீர்கள். தேர்தல் எதற்காக என்பதை மட்டும் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்ற பகுதி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்வர். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரல்களுக்கிடையே வேறோர் ஓலையை மறைத்துவைக்க இடம் தராத ஏற்பாடு இது. அவன் படித்த ஓலையை அங்குள்ள பிறரும் படித்துச் சொல்ல வேண்டும். இவ்வாறு கிடைத்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம் எனப்படும் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவர். பணிக்காலம் 360 நாள்.

தேர்தல் முறையின் புதுமையைவிட, ஆட்களைப் பிரிக்கும் முறையே மேலாண்மை மாணவருக்குச் சுவையானது. ஆண்டு வாரியத்துக்குரிய பன்னிருவரை, முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களிலிருந்தும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களிலிருந்தும் எடுக்கவேண்டும் என்கிறது கல்வெட்டு. ஊரின் உயர்ந்த பொறுப்புக்குச் செல்லும் படி ஏரிக்கரையில் இருந்தது. மதகின் பழுதையும் கால்வாயின் அடைப்பையும் நேரிற் கண்டறிந்தவர்க்கு ஊர் நிருவாகத்தில் முன்னிடம் கிடைத்தது. இன்றும் களப்பணி தெரியாத ஒருவர் அலுவலக அறையிலிருந்து திட்டத்தை நடத்தும்போது நேரும் இடர்ப்பாடுகளை எண்ணினால் இவ்விதியின் அருமை விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

குடவோலையில் பெயர் இடப்பெற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் சொந்தமாக இருக்கவேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டி வாழவேண்டும். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். வயது வரம்பு 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 30க்குமேல் 60க்குள் எனவும், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 35க்குமேல் 70க்குள் எனவும் காணப்படுகிறது. ஏரி, தோட்டம், ஆண்டு வாரியங்களோடு பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவையும் இருந்தன.

இரண்டே ஆண்டில் ஒரு திருத்தம்

விதிகளைக் கல்லில் பொறித்த ஊர், இரண்டே ஆண்டுகளில் அவற்றைத் திருத்தி மீண்டும் பொறித்தது. கல்லில் எழுத்து என்றால் மாறாதது என்று நாம் உவமை சொல்வோம். உத்திரமேரூர் மக்களோ பிழை கண்டால் கல்லையும் இரண்டாம்முறை வெட்டத் தயங்கவில்லை. அத்திருத்தத்தில் என்ன மாறியது என்பதே நம் பாடத்தின் நடு முடிச்சு.

கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவர் மீண்டும் வரலாகாது என்பது முதற்கல்வெட்டிலேயே உண்டு. அண்மையில் விலகிய வாரியப் பெருமக்களின் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது என்றும் அது கூறுகிறது. இதன்படி ஒருவர் நேர்மையாகப் பணியாற்றியிருந்தாலும் அவருடைய உறவினர் விலக்கப்படுவர். இரண்டாம் கல்வெட்டு அளவுகோலை மாற்றுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் ஆகியோர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்கிறது. உறவினர் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவுமில்லை. தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், தந்தையோடு பிறந்தான், தன்னோடு பிறந்தான், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், மருமகன், தந்தை, மகன் என்று உறவுமுறை ஒவ்வொன்றையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். இப்பட்டியலை எழுதியவர் சட்டத்தின் ஓட்டைகளை நன்கறிந்தவராக இருக்கவேண்டும். தான் விலகித் தன் மைத்துனனை அமர்த்தும் வழக்கம் அன்றே இருந்திராவிட்டால் மைத்துனனைக் கல்லில் எழுதவேண்டிய தேவை வந்திராது.

கணக்கை எழுதுபவனையும் கல்வெட்டு விட்டுவைக்கவில்லை. நேர்வழியில் பொருளீட்டியவனே கணக்கு எழுதவேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள்முன் காட்டித் தூயவன் எனத் தெளிந்தபிறகே அவன் மறுபடியும் அப்பணிக்கு வரலாம். ஒருவன் எழுதிய கணக்கை மற்றொருவன் புகுந்து முடிக்கக்கூடாது. குற்றம் கண்டறியப்பட்ட வாரியத்தாரை அப்போதே விலக்கிவிடவேண்டும்.

ஒருவருடைய பொறுப்பு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது, முடியும் நாளில் அவர் எதை ஒப்படைக்கவேண்டும், ஒப்படைக்காவிட்டால் என்ன நேரும் என்னும் மூன்றுக்கும் இங்கு விடை உண்டு. ஒரு திட்டம் கெடுமிடம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

இவ்வளவு சொன்னபின் மற்றொன்றையும் மறையாமல் சொல்லவேண்டும். உத்திரமேரூர் அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலம். வேதக் கல்வியும் நிலவுடைமையும் கொண்ட ஆண்களுக்கே குடவோலையில் இடமிருந்தது. ஏரியில் இறங்கித் தூர் வாரியவருக்கும், அந்நீரில் நாற்று நட்ட பெண்களுக்கும் அங்கே பெயரில்லை. மேலும், அறுவர் ஆண்டுதோறும் காட்டிய கணக்கோலைகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஓலை மட்கிற்று, விதி எழுதிய கல் நின்றது. விதி இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அது எந்நாளும் வழுவாது நடந்தது என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. பழம்பெருமை பேசுவோர் இவ்வேறுபாட்டைப் பலவேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

நாள்களின் கணக்கு

பொருட்கணக்கைப் போலவே நாட்கணக்கும் ஏரிப்பணியில் இன்றியமையாதது. கோடையில் ஏரி வற்றும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இடைப்பட்ட சில மாதங்களே பணிக்குரிய காலம். மழை யாருக்காகவும் காத்திராது. கரையை வெட்டித் திறந்துவைத்த நிலையில் முதல் மழை வந்துவிட்டால், செய்த வேலை போவதோடு ஊருக்கே இடர் வரும்.

இத்தகைய நெருக்கடியில் எந்த வேலையை முதலில் கவனிப்பது? இக்கேள்விக்கு 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஒரு கணித விடை பிறந்தது. டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய அம்முறையை 'நெருக்கடிப் பாதை முறை' எனலாம். வேதியியல் தொழிற்சாலைகளின் கட்டுமானத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் அதைப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படை தன் ஏவுகணைத் திட்டத்துக்காக இதனையொத்த வேறொரு முறையை வகுத்தது. இன்று பாலம் முதல் பெருநகர இரயில் வரை எல்லாக் கட்டுமானங்களுக்கும் இக்கணக்கே அடிப்படை.

அதன் சாரத்தை ஓர் ஏரியில் வைத்துப் பார்ப்போம். கீழ்வரும் நாள்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. ஏரியில் தூர் வார 60 நாள் ஆகும். அதே காலத்தில் பழைய மதகை இடிக்க 10 நாள், புதிய மதகைக் கற்காரையால் கட்ட 30 நாள், கற்காரை நீருண்டு வலிமைபெற 28 நாள், பின்பு இருபுறமும் களிமண்ணை அடுக்கடுக்காக இட்டுத் திமிசு போட்டுக் கரையை மூட 15 நாள். மதகுப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க இயலும். கூட்டினால் 83 நாள். தூர் வாருதல் தனியே நடப்பது. அது 23 நாள் தாமதித்தாலும் திட்டம் 83 நாளில் முடிந்துவிடும். மதகுப் பணி ஒரு நாள் தாமதித்தால் திட்டமே ஒரு நாள் தள்ளிப்போகும். ஆக, இங்கு நெருக்கடிப் பாதை மதகின் வழியே செல்கிறது.

பார்வையாளருக்கு இது புலப்படுவதில்லை. பெரும்பரப்பில் பொக்லைன் இயந்திரங்களும் டிப்பர் லாரிகளும் ஓடும் தூர் வாரும் பணியே கண்ணை நிறைக்கும். மதகடியில் நால்வர் ஈரச்சாக்கு போர்த்தி நீர் தெளித்துக்கொண்டிருப்பது வேலையாகவே தோன்றாது. அந்த 28 நாளைக் குறைக்க முயல்பவர் பிற்காலத்தில் விரிசல் கண்ட மதகை எதிர்கொள்ள நேரும். எதில் விரைவது, எதில் காத்திருப்பது என்று பிரித்தறிவதே மேலாண்மையின் பெரும்பகுதி.

258 திட்டங்கள் சொன்னது

கணக்கிடும் முறைகள் இவ்வளவு வளர்ந்தபின்னும் திட்டங்கள் ஏன் காலத்தையும் செலவையும் கடக்கின்றன? டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வறிஞர் பென்ட் ஃபிளிவ்பியர்க் தம் குழுவினருடன் 2002இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை அவர்கள் ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைவிடக் கூடுதலாகச் செலவு வைத்தன. சராசரி மிகைச்செலவு இரயில் திட்டங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு. பாலங்களிலும் சுரங்கவழிகளிலும் 34 விழுக்காடு. சாலைகளில் 20 விழுக்காடு. இவற்றைக் காட்டிலும் கவலைதரும் முடிவு ஒன்றும் வெளிப்பட்டது. ஆராயப்பட்ட எழுபது ஆண்டுக் காலத்தில் இந்நிலை சற்றும் மேம்படவில்லை. கணிப்பொறி வந்தது, கணக்கு முறைகள் வந்தன, பிழை மட்டும் அப்படியே இருந்தது.

மதிப்பீட்டில் தற்செயலான பிழைகள் மட்டும் இருந்திருந்தால், காலப்போக்கில் அவை குறைந்திருக்கும். சில திட்டங்களில் கூடுதலாகவும் சிலவற்றில் குறைவாகவும் மதிப்பிட்டிருப்பர். பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் இரண்டு காரணங்களை அவர் முன்வைக்கிறார். ஒன்று, 'எல்லாம் நன்றாகவே நடக்கும்' என்னும் மனித மனத்தின் இயல்பான நம்பிக்கை. மற்றொன்று, ஒப்புதல் பெறுவதற்காகச் செலவை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுதல். முதலாவதற்கு மருந்து, நம் திட்டம் தனித்தன்மையுடையது என்று எண்ணாமல், இதனையொத்து முன்பு முடிந்த திட்டங்கள் உண்மையில் எவ்வளவு செலவாயின என்று பார்த்து மதிப்பிடுவது. இரண்டாவதற்கு மருந்து, மதிப்பிட்டவரே பின்னர் வந்து விடைசொல்லும் நிலையை உண்டாக்குவது.

முதல் மருந்துக்கு முடிந்த பணிகளின் உண்மைக்கணக்கு வேண்டும். இரண்டாவதற்குக் கணக்குக் காட்டாதவரை மீண்டும் பொறுப்பில் அமர்த்தாத விதி வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டை ஃபிளிவ்பியர்க் மேற்கோளாகக் கொள்ளவில்லை. உத்திரமேரூரார் புள்ளியியல் அறிந்தவருமல்லர். நிதியும் மனித இயல்பும் ஒன்றுகூடும் இடத்தில் நேரும் சிக்கல் எக்காலத்தும் ஒன்றாக இருப்பதால், இருவரும் தத்தம் வழியில் சென்று ஒரே வாசலை அடைந்திருக்கின்றனர். இந்தியாவிலும் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களின் காலத்தாழ்வையும் செலவு மிகையையும் புள்ளியியல், திட்டச் செயலாக்க அமைச்சகம் தொடர்ந்து கண்காணித்து வெளியிட்டுவருகிறது. சிறிய திட்டங்களின் கணக்குக்கு அத்தகைய வெளிச்சம் எளிதில் கிடைப்பதில்லை. ஊரேரியின் மதகு அவ்வகைச் சிறிய திட்டம்.

கைமாறிய ஏரி

சபைகள் மறைந்தபின்பும் ஏரிப்பணி ஊராரின் பொறுப்பாகத் தொடர்ந்தது. நிலமுடையோர் உழைப்பாகவும் பொருளாகவும் பங்களித்து ஏரியைச் சீர்செய்யும் இவ்வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுபவர் ஊருக்கு ஊர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர், கம்புக்கட்டி எனப் பல பெயர்பெற்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி முறையும் நிருவாகமும் மாற, ஏரிக்கென ஒதுக்கப்பட்ட வருவாய்கள் அருகின. பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறையின் கைக்குச் சென்றன. குடிமராமத்து தளர்வதைக் கண்ட சென்னை மாகாண அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஊரார் தாமாகச் செய்துவந்த வேலையைச் சட்டம்போட்டுச் செய்விக்கவேண்டிய நிலை வந்தது என்பதே, இடையில் எது கெட்டது என்பதைக் காட்டப் போதுமானது. வரி அரசுக்குப் போகிறது; நீரின்மீது அதிகாரமும் அரசுக்குப் போகிறது; உழைப்பு மட்டும் ஊராருடையது என்றால் யார் மனமுவந்து மண்வெட்டியைத் தொடுவார்?

இன்று தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. 40 ஹெக்டேருக்குக் குறையாத ஆயக்கட்டுடையவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதனினும் சிறியவை உள்ளாட்சியின் பொறுப்பிலும் இருக்கின்றன. பிரிவு தாளில் தெளிவாக இருக்கிறது. நீருக்கு இப்பிரிவு தெரியாது. ஒரு துறையின் ஏரியிலிருந்து வழியும் நீர் மற்றொன்றின் கால்வாயில் பாய்ந்து, மூன்றாமவரின் நிலத்தைக் கடந்து செல்கிறது. பாசன அமைப்புகளின் மேலாண்மையில் உழவர்க்குப் பங்களிக்கும் சட்டம் 2000இல் இயற்றப்பட்டு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி பிறந்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தை அரசு அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியில் தொடங்கிற்று. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை உழவர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என வகுக்கப்பட்டது. பங்களிப்பவருக்கே கணக்குக் கேட்கும் உரிமையும் உறுத்தலும் இருக்கும் என்பது இவ்விதியின் உட்கருத்து.

ஊர் கூடிக் கணக்குக் கேட்கும் இடம் இன்றும் உண்டு. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராமசபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன்கீழ் நடந்த பணிகளின் கணக்கைக் கிராமசபையே சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்றது. நூறுநாள் வேலை என்று மக்கள் வழங்கிய அத்திட்டத்தில் ஏரி, குளம், வரத்துக்கால்வாய் ஆகியவற்றைத் தூர் வாரும் பணிகள் மிகுதியாக இருந்தன. வருகைப் பதிவேடு, வெட்டிய மண்ணின் அளவு, கொடுத்த கூலி ஆகியவற்றைக் கூட்டத்தில் படிக்கவேண்டியிருந்தது. குடவோலையைப் பலரும் வாய்விட்டுப் படித்த அதே முறைதான். வேறுபாடு கூட்டத்தில் அமர்ந்திருப்பவரிடம் இருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையில் கால் வேலி நிலம் கேட்டார்கள். கிராமசபையில் ஊராட்சியின் வாக்காளராக இருந்தால் போதும். நிலமற்றவரும், பெண்களும், ஏரியில் இறங்கி மண் சுமந்தவரும் அங்கே உறுப்பினர். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகியவற்றோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இலும் உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1இலும் கிராமசபை கூடுகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர் ஏரி அல்லது குளத்துக்கு நீர் வரும் வழி, மதகு, கலிங்கு, நீர் வெளியேறும் வழி ஆகியவற்றை நேரிற் கண்டு வரைபடம் வரைக. ஏதேனும் ஓர் உறுப்பு காணாமற்போயிருந்தால் அது எங்கிருந்தது என்பதை ஊர்ப்பெரியவரிடம் கேட்டுக் குறிக்க.

2. பள்ளிச் சுற்றுச்சுவர் ஒன்றைக் கட்டுவதற்கான வேலைகளைப் பட்டியலிட்டு, எவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவேண்டியவை, எவை உடனிகழத்தக்கவை எனப் பிரித்து, நெருக்கடிப் பாதையைக் கண்டறிக.

3. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் உறவினரை விலக்கும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன? எது நேரியது என்று கருதுகிறீர்கள்? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.

4. அண்மையில் நடந்த கிராமசபைக் கூட்டத்தில் கலந்துகொண்ட ஒருவரைச் சந்தித்து, அங்கே எந்தப் பணியின் கணக்கு படிக்கப்பட்டது, யார் என்ன கேட்டனர் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.